இரண்டு கிலோ உழுத்தம்மா

"ஆர் பிள்ளை பெரிசானது?" என்று கேட்டார் நமசிவாயம்.

குகதாசனுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது நமசிவாயத்தின் மா அரைக்கும் கடை. சனிக்கிழமை காலை. மிளகாய் அரைத்த நெடி இன்னும் அடங்கவில்லை. ஐந்தாறு பெண்கள் சாமான் வாங்க நின்றார்கள். அவன் தன் முறை வந்ததும் கையிலிருந்த துண்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்திருந்தான். வறுத்துத் திரித்த உழுத்தம்மா இரண்டு கிலோ. நல்லெண்ணெய் ஒரு போத்தல். எள்ளு ஒரு கிலோ. பனங்கட்டி இருந்தால் அதுவும். நமசிவாயம் நான்கையும் மேசையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். வைத்ததைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தபடி அந்தக் கேள்வியைக் கேட்டார். நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அப்போதுதான் உறைத்தது. புதிதாக வயதுக்கு வந்த பிள்ளைக்குக் களி கிண்டிக் கொடுக்கிற சாமான்கள் இவை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும், மா மூட்டை சுமக்கிற ஆளுக்குக்கூட, தெரிந்த சங்கதி. குகதாசனுக்கு அக்கா இல்லை, தங்கச்சி இல்லை. பத்து வயதிலிருந்து கல்லூரி விடுதி, பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம், பிறகு கொழும்பில் வேலை. பெண்கள் வளர்கிற வீட்டில் அவன் வளர்ந்ததில்லை. இந்த நான்கும் ஒரு மேசையில் கூடினால் ஊர் என்ன நினைக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததுமில்லை.

மாமிக்கு என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் அதற்குப் பின்னால் "மாமிக்கு என்ன?" என்று இன்னொரு கேள்வி வரும். அதற்கு அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்று பதில் சொல்லவேண்டும். காது இரண்டும் சுட்டன.

"சொந்தக்காரப் பிள்ளை ஒண்டு," என்றான்.

"எங்கையிருந்து வந்தது?"

"வவுனியா."

ஏன் வவுனியா என்று அவனுக்கே தெரியாது. வாயில் வந்தது அதுதான். சண்டை நடந்த அந்த வருடம் வவுனியாவிலிருந்து ஒரு பெண்பிள்ளை கொழும்புக்கு வருவதென்றால் ஆமியின் பாஸ் வேண்டும், வந்த அன்றே பொலிஸில் பதிய வேண்டும். ஒரு தமிழ் வீட்டில் பதியாத ஒரு ஆள் என்றால் அது அந்த வீட்டுக்கு மட்டும் வருகிற கரைச்சல் அல்ல. இதெல்லாம் தெரிந்தவன்தான்.

"நல்ல விசயம். அப்ப ஊர்க்கோழி முட்டையும் ஒரு பத்துக் கொண்டு போங்கோ தம்பி," என்றார் நமசிவாயம். "வெறுங்களியைக் குடுத்துப் பெட்டையை ஏமாத்தப்படாது."

"இப்ப இடுப்புக்குப் பலம் குடுக்காட்டிப் பேந்து மாமியார் வந்து எங்களைத்தான் கேப்பா," என்று பின்னால் நின்ற ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் முட்டையையும் வாங்கிக்கொண்டான். சிரித்தவர்களுக்குள் பக்கத்து வீட்டுச் சிவமணியும் நின்றதை வெளியே வந்த பிறகுதான் கண்டான்.

*

மாமி என்பது நாகேஸ்வரி. அவனுடைய மனைவி அருந்ததியின் தாய். வயது நாற்பத்தொன்பது. அருந்ததி இறந்து பத்து மாதம். டெங்குக் காய்ச்சல்; ஐந்து நாள். யாராவது தெரிந்தவர்கள் தெருவில் நிறுத்தி "என்ன நடந்தது?" என்று கேட்டால், அவர்கள் முகம் ஒரு குண்டுக்கோ வெடித்த ஒரு பஸ்ஸுக்கோ ஏற்கெனவே தயாராகியிருப்பது தெரியும். காய்ச்சல் என்றதும் அந்த முகம் சற்றுத் தளரும். அவனுக்கு வெட்கமாக இருக்கும், தவறான விடையைச் சொல்லிவிட்டவன்போல. நாடே வேறு விதமாகச் செத்துக்கொண்டிருந்தபோது அவனுடைய மனைவியை ஒரு நுளம்பு கடித்திருந்தது.

செத்தவீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாமி இனி கொட்டாஞ்சேனையில் அவளுடைய தமக்கை வீட்டுக்குப் போவதுதான் முறை என்றார்கள். மாமி இளவயதில் தாலி இழந்தவள். அவன் முப்பத்திரண்டு வயதுக்காரன். "ரெண்டு பேரும் ஒரே வீட்டில..." என்று தொடங்கி மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்றாள் மாமி. பிறகு ஆறு மாதம் போகட்டும் என்றாள். பிறகு அந்தக் கதையை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. இருங்கோ என்று ஒரு சொல் அவன் சொல்லவில்லை. சொல்ல விருப்பமில்லாமல் இல்லை. கேட்டு அவள் மறுத்தால் அதற்குப் பிறகு வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். காலையில் புட்டு அவிக்கும்போது மாமி தன்பாட்டில், "அருந்து எண்டால் இதுக்குச் சீனி போடாமல் தொடமாட்டாள்," என்பாள். உலகத்தில் அந்தப் பெயரை இன்னும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். அவன்கூடச் சொல்வதில்லை.

ஆவணி மாதம் தொடக்கம் மாமியில் ஒரு மாற்றம். சோறு போட்டுக்கொண்டிருப்பவள் அகப்பையைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறப்பாள். ஒன்றும் எடுக்கமாட்டாள். முகத்தை அதற்குள் கொடுத்துக்கொண்டு நிற்பாள். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருக்கும். குகதாசன் தன் சோற்றுக் கோப்பையைப் பார்ப்பான். காரணமில்லாமல் அழுவாள்; ஒருநாள் பால்மாப் பைக்கற்றைத் திறக்க முடியாமல் அதைச் சுவரில் எறிந்தாள். மகளை நினைத்துத்தான் என்று அவன் முடிவுசெய்திருந்தான். துக்கம் அவளுக்கு வியர்வையாக, கோபமாக வெளியே வருகிறது. தனக்கு ஒன்றும் வரவில்லையே என்று ஒரு பொறாமைகூட இருந்தது. அவனுக்கு வேலைக்குப் போனால் வேலை, படுத்தால் நித்திரை.

உண்மை தெரிந்தது பின்படிக்கட்டில். அவன் சவர்க்காரம் எடுக்கப் போனபோது மாமி உடுப்புக் காயப்போட்டபடி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற சிவமணியோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு மாசமா நிண்டுபோச்சு. விட்டது சனியன் எண்டு இருந்தன். இப்ப பாத்தால் அடுப்புக்குள்ள தலையை வச்ச மாதிரிக் கிடக்குது."

"எனக்கு மூண்டு வருசம் கிடந்தது," என்றாள் சிவமணி. "இவர் ஃபானைக் கூட்டினால் நான் சண்டை, குறைச்சால் நான் சண்டை."

"உமக்கு உம்மட மனிசன். இது வளந்த ஆம்பிளைப்பிள்ளை இருக்கிற வீடு. தெப்பமா நனைஞ்சுபோய் நிக்கிறன், அந்தப் பெடியன் தலையைக் குனியுது. வெக்கமாக் கிடக்குது சிவமணி. தை பிறக்க அக்கா வீட்டை போறன்."

"உமக்கென்ன விசரே? கொட்டாஞ்சேனையில மட்டும் பனியே கொட்டுது?"

அவன் சவர்க்காரம் எடுக்காமல் திரும்பி வந்தான். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டிருந்தான். அதற்குள்ளும் ஒன்று மட்டும் தெளிவாக நின்றது: தை.

இரத்மலானையில் அவன் வேலை செய்த தொழிற்சாலை சோயா இறைச்சி செய்தது. ஆய்வுகூடத்தில் ஈரப்பதன் பார்ப்பதும் புரதம் பார்ப்பதும் அவன் பொறுப்பு. மேலாளரின் அலுமாரியில் வெளிநாட்டு உணவுச் சஞ்சிகைகள் கிடந்தன. அவற்றில் ஒன்றில் இந்தச் சங்கதி இருந்தது. சோயா நிறையச் சாப்பிடும் நாடுகளில் மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்கு இந்த வெக்கை குறைவாம். சோயாவில் உள்ள ஒரு பொருள் உடம்பில் குறைந்துபோகும் சுரப்பின் வேலையைச் சிறிதளவு செய்யக்கூடுமாம். எள்ளு, ஆளிவிதை, அவரை, பருப்பு வகைகளிலும் கொஞ்சம் உண்டாம். நிச்சயமில்லை, இன்னும் ஆராய வேண்டும் என்று கடைசிப் பந்தியில் எழுதியிருந்தார்கள். அவன் அந்தப் பக்கங்களைப் பிரதியெடுத்து, கழிப்பறையில் இருந்து வாசித்தான்.

அன்று இரண்டு கிலோ சோயா விதை கொண்டுவந்தான். "ஒஃபிஸில தந்தவை மாமி. ஊறப்போட்டுப் பாலாக்கிக் குடிச்சால் நல்லதாம்."

"ஆருக்கு நல்லது?"

"எல்லாருக்கும்."

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். ஊறப்போட்டாள். அவளைத் தனியே குடிக்கவிட்டால் விளங்கிவிடும் என்று அவனும் தினமும் ஒரு கிளாஸ் குடித்தான். பச்சை வாசம் தொண்டையில் பகல் முழுக்க நிற்கும். ஐந்து கிழமை. குளிர்ப்பெட்டி திறக்கும் சத்தத்தை அவன் எண்ணினான். தான் வீட்டில் இருக்கும் நேரத்தில் முதற்கிழமை இருபத்தாறு தரம். ஐந்தாம் கிழமை பதினேழு. மார்கழி மழைக்குளிர் தொடங்கியிருந்ததால் இதில் எது சோயா, எது மழை என்று பிரிக்க வழியில்லை. இரசாயனம் படித்தவனுக்கு அது தெரியும். மாமியாரின் உடம்பை எண்ணிக்கொண்டிருப்பது என்ன வகை வேலை என்றும் தெரியும். ஆனாலும் எண்ணினான்.

ஆறாம் கிழமை மாமி கிளாஸை மேசையில் வைத்தாள். "தம்பி, குறை நினையாதையுங்கோ. இன்னும் ரெண்டு நாள் உதைக் குடிச்சனெண்டால் நான் கதைக்கமாட்டன், மாடு மாதிரிக் கத்துவன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பத்து மாதத்தில் முதல் தரம். வந்ததும் நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமைதான், சோயாவை விட்டு, எள்ளும் உழுந்தும், வாய்க்கு ருசியாக நல்லெண்ணெயும் பனங்கட்டியும் எழுதிய துண்டோடு நமசிவாயம் கடைக்குப் போனான்.

*

சாமான்களைக் கண்டு மாமி ஒன்றும் கேட்கவில்லை. முட்டையை மட்டும் தள்ளிவைத்தாள். அவள் மகள் செத்த நாளிலிருந்து சைவம். "உதுகளும் ஒஃபிஸில தந்தவையோ?" என்றாள். அவன் ஓம் என்றான். மாவை டப்பாவில் கொட்டி மூடினாள். ஞாயிறும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மாலை அவன் வேலையால் வந்தபோது வாசலில் வேறொரு சோடிச் செருப்பு. உள்ளே சிவமணி கதிரையில் இருந்தாள். மேசையில் ஒரு தட்டம்: வாழைப்பழச் சீப்பு, பொரிவிளாங்காய், கடதாசியில் சுற்றிய ஒரு சட்டைத்துணி, அதன்மேல் ஒரு டசின் கண்ணாடிக் காப்பு. மாமி சுவரோடு நின்றாள். முகம் சிவந்திருந்தது. சேலைத் தலைப்பால் கழுத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ மாப்பிள்ளை," என்றாள் சிவமணி. "கடையில கண்டிட்டுக் காணாத மாதிரிப் போறியள். எங்க ஒளிச்சு வச்சிருக்கிறியள் பிள்ளையை? மாமியைக் கேட்டால் வாயே திறக்கிறா இல்லை."

அவன் தோளில் பை தொங்க அப்படியே நின்றான். இப்போது சொல்லியிருக்கலாம். தப்பாகச் சொல்லிவிட்டேன் அக்கா, அப்படி ஒரு பிள்ளை இல்லை என்று.

"கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் விட்டாச்சு," என்றாள் மாமி.

"எப்ப?"

"நேத்து. அங்க எண்டால் அக்கான்ர பேத்தியள் இருக்குதுகள், துணைக்கு நல்லம்."

"அதுக்கேன் இவ்வளவு ஒளிப்பு? நல்ல காரியம்தானே. ஓ... பதியேல்லையோ?" சிவமணி குரலைத் தணித்தாள். "அப்ப நான் வாய் திறக்கேல்லை. காப்பையாவது குடுத்து விடுங்கோ. அளவு பாத்துத்தான் வாங்கினனான், பன்னிரண்டு பதின்மூண்டு வயசுக் கைக்கு."

மாமி காப்பை வாங்கிக்கொண்டாள். நன்றிகூடச் சொன்னாள். அவ்வளவு லாவகமாக அவள் பொய் சொல்லுவாள் என்று அவன் நினைத்ததில்லை. அது தனக்காக என்பது இன்னும் மோசமாக இருந்தது.

சிவமணி போன பிறகு இருவரும் மேசையின் இரண்டு பக்கம் நின்றார்கள்.

"ஆர் பிள்ளை தம்பி?"

அவன் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"வவுனியாவில உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப?"

"கடையில கேட்டவை. மாமிக்கெண்டு சொல்ல ஏலாமல் போச்சு."

"மாமிக்கு என்ன?"

அவன் தட்டத்திலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்தான். மாமி நெடுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்குவது தெரிந்தது: சோயா, ஒஃபிஸ், எல்லோருக்கும் நல்லது, தினமும் தன்னோடு இருந்து குடித்த கிளாஸ். விளங்க விளங்க அவள் முகத்திலிருந்த சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

"எப்ப தெரியும்?"

"ஐப்பசியில."

"இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டுதான் முன்னால இருந்து சாப்பிட்டனீங்கள்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் ஒளிச்சு ஒளிச்சுத் திரிஞ்சன் தம்பி. குளிர்ப்பெட்டிக்குள்ள தண்ணி எடுக்கிற மாதிரி நடிச்சன். என்ர பிள்ளை இருந்தால் அவளுக்குச் சொல்லியிருப்பன். அவள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள், சொல்லாமலும் விட்டிருப்பாள். இது என்ன, மருமோன் கடைக்குப் போய்..."

முடிக்கவில்லை. அறைக்குள் போனாள். சிறிது நேரத்தில் கட்டிலுக்குக் கீழிருந்து சூட்கேஸ் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை அக்கா வீட்டை போறன்," என்றாள். "தை பிறக்கும்வரைக்கும் இருக்கத் தேவையில்லை."

இருங்கோ மாமி. மூன்று நாள் அவன் அதை வாய்க்குள் வைத்திருந்தான். பஸ்ஸில் வைத்திருந்தான், ஆய்வுகூடத் தராசுக்கு முன்னால் வைத்திருந்தான். சொல்ல எந்த முகமும் அவனிடம் மிஞ்சியிருக்கவில்லை.

*

வியாழன் காலை ஆறரைக்குப் பொலிஸ் வந்தது. ஒரு அதிகாரி, ஒரு பெண் பொலிஸ், துவக்கோடு இன்னொருவன். அவர்களுக்கு முன்னால் படி ஏறி வந்தவள் றோஸி, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி. அறுபது வயது, கையில் செபமாலை, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"நான் என்ன செய்யிற மகன்," என்றாள் றோஸி தன் உடைந்த தமிழில். "புள்ள ஒண்டு வந்த சொல்லி ரோட்டு முழுக்க கதைக்கிற. நான் சொல்ல இல்லாட்டி என்னத்தான் கொண்டுபோற. என் மேல கோவம் வேணாம்."

அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் பயந்தது நியாயம். பின்படிக்கட்டில் சிவமணி கையைப் பிசைந்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் வேறு இரண்டு தலைகள்.

அதிகாரி அவனைவிட இளையவன். சவரம் செய்த கன்னத்தில் ஒரு சின்ன வெட்டு. சிங்களத்தில் மரியாதையாகத்தான் கதைத்தான். வீட்டுப் பதிவுப் பத்திரத்தை எடு என்றான். குகதாசன் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதிகாரி விரலை வைத்து வாசித்தான். மூன்று பெயர். முதலாவது குகதாசன். இரண்டாவது நாகேஸ்வரி. மூன்றாவது பெயரில் விரல் நின்றது. இருபத்தெட்டு வயது, பெண். இவள்தானா வந்திருப்பது, இவள் எங்கே என்று கேட்டான்.

"மகே நோனா," என்றான் குகதாசன். என் மனைவி.

அவள் எங்கே?

அதைச் சிங்களத்தில் அவன் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லத் தேவை இருக்கவில்லை, அவர்களே சொன்னார்கள். இப்போது சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னான். மாசியில் இறந்துவிட்டாள். காய்ச்சல்.

அதிகாரி பத்திரத்தைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். கடைசியாகப் புதுப்பித்த திகதி ஆடி மாதம். மாசியில் இறந்தவளை ஆடியில் ஏன் எழுதினாய்?

ஆடியில் அவன் புதுப் பத்திரத்தை நிரப்பினான். மூன்று வரி நிரப்பிப் பழக்கம். மூன்றாவது வரிக்கு வந்தபோது கை தானாக எழுதியது என்று சொன்னால் அது பொய். எழுதலாமா என்று யோசித்து, வேண்டுமென்றே எழுதினான். வயதையும் ஒன்று கூட்டி எழுதினான். பொலிஸில் வாங்கிய ஆள் அதைப் பார்க்கவேயில்லை. மாமி அவன் பக்கம் திரும்பியது தெரிந்தது. அவளுக்கு இது தெரியாது. அவள் பக்கம் அவன் பார்க்கவில்லை.

மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினான். அதிகாரி அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அப்படியென்றால் ரோட்டில் கதைக்கிற பிள்ளை யார்? பெண் பொலிஸ் அறைக்குள் போய்ப் பார்த்தாள். கட்டியிருந்த சூட்கேஸைத் திறந்தாள்; மாமியின் சேலைகள். குசினிக்குள் போய் மா டப்பாவையும் எண்ணெய்ப் போத்தலையும் முட்டைப் பெட்டியையும் கண்ணாடிக் காப்பையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஐந்து நாளுக்கு முன்னால் நமசிவாயம் வைத்ததைப் போலவே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. அவளுக்கும் என்னவென்று விளங்கியிருக்கவேண்டும். காப்பை எடுத்து அளவு பார்த்தாள். சின்னக் கை.

இது யாருக்கு, என்றான் அதிகாரி.

"மட்ட," என்றான் குகதாசன். எனக்கு.

துவக்கோடு நின்றவன் சிரித்துவிட்டான். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கினான். பிறகு முகம் மாறியது. நான் உன்னோடு மரியாதையாகக் கதைக்கிறேன், நீ விளையாடுகிறாய், அந்தப் பெண்ணைச் சொல், இல்லாவிட்டால் ஸ்ரேசனுக்கு வா என்றான். குகதாசன் நிலத்தைப் பார்த்தான். போகலாம் என்று நினைத்தான். அங்கே ஒரு வாங்கில் குந்தியிருக்கலாம். எத்தனை நாளென்றாலும் இருக்கலாம். இத்தனை பேருக்கு முன்னால் மாமியின் உடம்பைப் பற்றி அவன் வாயால் ஒரு சொல் வரத் தேவையில்லை. செருப்பைத் தேடினான்.

"மட்ட தமய் மஹத்தயா," என்றாள் மாமி.

அவளுக்குச் சிங்களம் சந்தைச் சிங்களம். மீன் விலை கேட்க, பஸ் நிறுத்தப் போதும். எனக்குத்தான் ஐயா என்று அவள் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அதற்கு மேல் சொற்கள் இருக்கவில்லை. கையை நெஞ்சில் வைத்து அங்கிருந்து முகம் வரைக்கும் உயர்த்திக் காட்டினாள். "கிந்தர வகே," என்றாள். நெருப்புப் போல. பிறகு வயிற்றுக்கு நேரே கையைக் கொண்டுபோய், இல்லை, முடிந்துவிட்டது என்கிற மாதிரி விரித்தாள். பின்படிக்கட்டில் நின்ற தலைகள் அசையவில்லை.

அதிகாரிக்கு விளங்கவில்லை. றோஸிக்கு விளங்கியது. அவள் செபமாலையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அதிகாரியின் முகத்துக்கு நேரே போய்ச் சிங்களத்தில் விறுவிறுவென்று சொன்னாள். குகதாசனுக்கு முழுவதும் பிடிபடவில்லை. உனக்கு அம்மா இல்லையா என்பது மட்டும் பிடிபட்டது. பெண் பொலிஸ் காப்பைக் கீழே வைத்தாள். அதிகாரியின் காது சிவந்தது. கன்னத்திலிருந்த வெட்டு வெள்ளையாகத் தெரிந்தது. அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். அந்த வீட்டில் அப்போது தலை நிமிர்ந்து நின்ற ஆண் யாருமில்லை.

புதுப் பத்திரமொன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான் அதிகாரி. இருக்கிற ஆட்களை மட்டும் எழுதிப் பின்னேரத்துக்குள் கொண்டுவா என்றான். போகும்போது மாமிக்கு முன்னால் ஒரு கணம் நின்று, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் இறங்கினான்.

சிவமணி மட்டும் நின்றாள். "நாகேசு, நான்..." என்றாள்.

"காப்பைக் கொண்டு போம்," என்றாள் மாமி. "முட்டையும் எடும். உம்மட மனிசனுக்குப் பொரிச்சுக் குடும்."

*

அவன் வேலைக்குப் போகவில்லை. மேசையில் இருந்த பத்திரத்தில் முதல் வரியில் தன் பெயரை எழுதினான். பிறப்புத் திகதி, அடையாள அட்டை இலக்கம், தொழில். இரண்டாவது வரியில் பேனையை வைத்து எடுத்தான். ஒரு புள்ளி விழுந்தது.

குசினியில் மாமி மா டப்பாவைத் திறந்திருந்தாள். அடுப்பில் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசம், பிறகு பனங்கட்டி கரையும் வாசம். யாருக்கும் ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்பதுபோல அகப்பை சட்டியில் பெரிதாகத் தட்டுப்பட்டது.

"அவளின்ர பேரை ஏன் எழுதினனீங்கள்?" உள்ளேயிருந்தே கேட்டாள்.

"தெரியேல்லை."

"தெரியும்."

அவன் அந்தப் புள்ளியை விரலால் தேய்த்தான். "ரெண்டு பேர் இருக்கிற வீடு எண்டு எழுத ஏலேல்லை, மாமி."

அகப்பைச் சத்தம் நின்றது. பிறகு தொடங்கியது. அவன் பத்திரத்தைப் பார்த்தபடி, தன் குரலே தனக்கு வேறு ஆளுடையதுபோல் கேட்க, சொன்னான்.

"உங்கட பேரை எழுதட்டே?"

அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் மா. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கட்டத் தொடங்கியிருந்தது. மேலுதட்டில், கழுத்துக் குழியில், சட்டையின் ஓரத்தில். வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண் குளிர்ப்பெட்டிப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. போகவில்லை. அவனுக்கு எதிரே இருந்த கதிரையை இழுத்து இருந்தாள். அவனுடைய கைக்குக் கீழே கிடந்த பத்திரத்தை உருவி எடுத்தாள். அதால் முகத்துக்கு விசிறினாள். குகதாசன் கோப்பையைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்க்கவில்லை. வியர்வை அவள் காதோரம் வழிந்து தாடைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"களி அடிப்பிடிக்கப் போகுது," என்றாள் கண்ணை மூடியபடி. "போய்க் கிண்டுங்கோ. எண்ணெய் பிரியுமட்டும் விடாதையுங்கோ."

அவன் எழுந்து போனான். சட்டிக்குள் கறுப்பும் பழுப்பும் கலந்த ஒன்று இறுகிக்கொண்டிருந்தது. நினைத்ததைவிடக் கனம். இரண்டு கையாலும் அகப்பையைப் பிடிக்கவேண்டியிருந்தது. முன்னறையில் கடதாசி காற்றை அடிக்கும் சத்தம் வேகமாகக் கேட்டது, பிறகு மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக. எண்ணெய் சட்டியின் ஓரத்தில் ஒரு மெல்லிய வளையமாகப் பிரிய ஆரம்பித்தது. அவன் கிண்டிக்கொண்டு நின்றான்.